ஹிந்தி விளங்கவில்லை என்று ஒரு வரி

என் மனைவியைக் கட்சியிலிருந்து நீக்கிய செய்தி எங்களுக்கு நேராக வரவில்லை. மேல்மாடியில் குடியிருக்கும் தெலுங்குக்காரர் ஃபோனைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்து, "பாபிஜி, யே தேக்கியே, ஆப்கா ஃபோட்டோ" என்று என் மனைவியிடம் நீட்டினார். உள்ளூர்ச் செய்திக் குழு ஒன்றில் அவள் படத்தைப் போட்டு, கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதற்காக ஆறு வருஷம் விலக்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தார்கள். கவுன்சிலராக ஜெயித்த அன்று கட்சித் துண்டும் மாலையுமாக எடுத்த படம் அது.

அவள் ஃபோனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"போட்டதுதான் போட்டாங்க, கண்ணு தொறந்திருக்கற படமாப் போட்டிருக்கலாம்ல" என்றாள். குக்கர் விசிலடித்தது. போய் அடுப்பை அணைத்துவிட்டு வெகுநேரம் சமையலறையிலேயே நின்றாள். நான் உள்ளே போகவில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் எப்போது உள்ளே போகக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நான் மதுரைப் பக்கத்திலிருந்து அரசாங்க வேலைக்காக இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்தவன். அவள் போர்ட் பிளேயரில் பிறந்தவள். அவளுடைய அப்பா ராமநாதபுரத்திலிருந்து துறைமுகத்தில் சுமை இறக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவளுக்கு மெயின்லேண்ட், அதாவது கடலுக்கு அந்தப் பக்கத்து ஊர் என்பது சின்ன வயதில் விடுமுறைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பிய இடம். வீட்டில் அப்பாவோடு தமிழ், தெருவில் ஹிந்தி, பக்கத்து வீட்டில் பெங்காலி என்று வளர்ந்தவள். கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும். ஆனால் கோபம் அபூர்வமாகத்தான் வரும்.

கட்சிக்குள் அவள் வந்ததே அதனால்தான். நாங்கள் குடியிருக்கும் பத்துபஸ்தியில், எங்கள் தெருவுக்குச் சாக்கடை கட்டுவது பற்றி ஒரு கூட்டம் நடந்தது. வந்திருந்த ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நடுநடுவே விமானம் வேறு தலைக்கு மேலே இறங்கும். எங்கள் பகுதியில் விமானம் இறங்கும்போது பேச்சை நிறுத்தி, அது போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எல்லாருக்கும் பழக்கம். அப்படி ஒரு விமானம் போன இடைவெளியில், யாரும் மறுபடி ஆரம்பிப்பதற்குள், இவள் எழுந்து மூன்று கேள்வி கேட்டாள். சாக்கடை எங்கே போய் முடியும், மழைக்கு முன்னால் முடியுமா, பள்ளத்தில் இருக்கிற வீடுகளுக்கு என்ன வழி. எஞ்சினியர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

கூட்டம் முடிந்ததும் ஒருவர் எங்களிடம் வந்தார். ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர், திருநெல்வேலிக்காரர். கட்சியின் நகரத் தலைவர். அன்றைக்கு முதல் எங்களுக்கு அவர் அண்ணன்.

"தங்கச்சி, கத்தாம பேசுதியே. எங்க கட்சியில கத்துததுக்கு நெறைய ஆளு இருக்கு. கத்தாத ஆளுக்குத்தான் பஞ்சம்" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. மகளிர் அணியில் சேர்த்தார், மேடையில் பேசவைத்தார், எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது சண்டை போட்டு அவளுக்குச் சீட்டு வாங்கித் தந்தார். தீபாவளிக்கு முதல் பலகாரத் தட்டு எங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்குப் போகும். அவர் வீட்டிலிருந்து அல்வா வரும்.

கட்சியில் அவளைப் பற்றி ஒரு கேலி உண்டு. யாருடைய கொடும்பாவியையாவது கொளுத்துகிற நாளில் இவள் கடைசி வரிசையில் ஒரு வாளித் தண்ணீரோடு நிற்பாளாம். கேலி இல்லை, நிஜம். நானே பார்த்திருக்கிறேன். "காத்தடிக்குது, பக்கத்துல பெட்டிக்கடை இருக்கு, கோஷம் போடறவங்களுக்கு அதெல்லாம் தெரியுமா?" என்பாள். எதிர்க்கட்சிக் கவுன்சிலர்களோடு கேன்டீனில் டீ குடிப்பாள். அதில் ஒரு பெங்காலி அம்மாள் அவளுக்கு நல்ல பழக்கம். முதலில் கட்சி இதையெல்லாம் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டது. யாரிடமும் பேசிக் காரியம் முடிக்கிற ஆள் நம்மிடம் இருக்கிறது என்று.

நான் அரசு ஊழியன். அரசியல் பேசக் கூடாது. வீட்டுக்கு வருகிற அரசியலுக்கு டீ போட்டுத் தரலாம், அதற்குத் தடை இல்லை. ஆகவே நடந்ததில் பாதியை டீ தம்ளர்களோடு நின்று கேட்டவன் நான்.

அவளை நீக்கிய வருஷத்துக் கோடை மோசமான கோடை. மழை சீக்கிரம் நின்றுபோய், மாசி பிறக்கும்போதே அணையில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஒன்று விட்டு ஒருநாள் வந்த குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை ஆனது, பிறகு நாலைந்து நாளைக்கு ஒருமுறை. எங்கள் வார்டில் மேட்டுத் தெரு ஒன்று இருக்கிறது. குழாயில் தண்ணீர் வருகிற நாளிலும் அங்கே காற்றுதான் வரும். அவர்களுக்கு டேங்கர்தான் கதி. டேங்கரோ வருவதாகச் சொன்ன நாளில் வராது.

ஒருநாள் காலையில் இவள் மேட்டுத் தெருவுக்குப் போய்விட்டு வந்து சொன்னாள். விமான நிலையத்தில் துப்புரவு வேலை பார்க்கிற ஒரு பெண், அரிசி களைந்த தண்ணீரை ஊற்றாமல் வைத்து, அதில் பாத்திரம் கழுவி, அதையும் வாளியில் பிடித்துக் கக்கூஸுக்கு வைத்திருந்தாளாம். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று இவளிடம் பேசக்கூட நிற்கவில்லையாம். கீழே இறங்கி வரும்போது ஒரு டேங்கர் ஹோட்டல் வாசலில் திரும்பியிருக்கிறது. மூடி சரியாக இல்லாமல் வளைவில் தண்ணீர் சிந்தியிருக்கிறது.

"திட்டக்கூட இல்லங்க அந்தப் பொண்ணு. திட்டியிருந்தா சமாளிச்சிருப்பேன்" என்றாள்.

கட்சிக் கூட்டத்தில் இவள் எழுந்து, மழை வரும்வரை ஹோட்டல்களுக்குப் போகிற டேங்கர்களில் பாதியை வார்டுகளுக்குத் திருப்ப வேண்டும், அந்தத் தீர்மானத்தை நாமே கொண்டுவருவோம் என்று சொன்னாள். அவர்கள் சொன்ன பதிலிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அது சுற்றுலாப் பருவம். ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறவனும் அறை பெருக்குகிறவளும் இதே வார்டுகளில் இருக்கிறவர்கள்தான். ஹோட்டல் மூடினால் அவர்கள் வீட்டு அடுப்பும் மூடும். "அடுத்த மீட்டிங்ல பாப்போம்" என்றார் அண்ணன். அடுத்த மீட்டிங்கிலும் அதையே சொன்னார்கள்.

அதற்குள் எதிர்க்கட்சியின் பெங்காலி அம்மாள் கவுன்சிலில் அதே தீர்மானத்தைக் கொண்டு வந்துவிட்டார். கிட்டத்தட்ட இவள் சொன்ன அதே வார்த்தைகள். இவள்தான் சொல்லிக் கொடுத்தாள் என்று பின்னால் ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. அதில் உண்மை இல்லை. தண்ணீர் இல்லாத ஊரில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சுத்தான் இருந்தது.

எதிர்த்து வாக்களிக்க வேண்டும் என்று கட்சியிலிருந்து உத்தரவு வந்தது. அண்ணனே ஃபோனில் சொன்னார். "தீர்மானம் நல்லதுதான்மா. ஆனா கொண்டு வந்தது யாருன்னு பாக்கணும்லா? இத அவ்வோ ஜெயிச்சாவன்னா நாளைக்கு நம்ம சேர்மனையே இறக்கிருவாவ."

"சரிண்ணே" என்று இவள் ஃபோனை வைத்தாள். சரி என்றால் கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தமா, ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமா என்பது எனக்கே அன்றைக்குத் தெரியவில்லை.

மறுநாள் கவுன்சிலிலிருந்து திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, "கையத் தூக்கிட்டேங்க" என்றாள்.

"எதுக்கு?"

"தீர்மானத்துக்கு. ஆதரவா."

அவளே தொடர்ந்தாள். "ஆதரிக்கறவங்க கை தூக்குங்கன்னாங்க. அந்தப் பக்கம் எல்லாம் தூக்கினாங்க. சேர்மன் எண்ண ஆரம்பிச்சாரு. ஏதோ வேகத்துல தூக்கிட்டேன்னு நினைக்காதீங்க. கை தானாப் போகல. யோசிச்சு, நான்தான் தூக்கினேன்."

"நம்ம ஆளுங்க?"

"பக்கத்துல இருந்தவரு என் முழங்கையப் பிடிச்சு இழுத்தாரு. அரே, என்ன பண்றேன்னு ஹிந்தில கத்தினாரு. நான் விடுங்கன்னேன்."

தீர்மானம் நிறைவேறிவிட்டது. அவள் கை இல்லாவிட்டால் நிறைவேறியிருக்காது. அதுதான் பிரச்சினை. தோற்கிற தீர்மானத்துக்குக் கை தூக்கியிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பார்கள்.

அன்று மாலையே கட்சி ஆபீஸ் முன்னால் கோஷம். அவளோடு மகளிர் அணியில் வளர்ந்த பெண்களே "கத்தார்" என்று, துரோகி என்று, கத்துகிற வீடியோவை யாரோ அனுப்பினார்கள். அவள் அதை ஒருமுறை பார்த்தாள். "இந்தப் பொண்ணுக்குத் தொண்டை சரியில்ல, நேத்துத்தான் இருமிட்டிருந்துச்சு" என்று வரிசையில் ஒருத்தியைக் காட்டினாள். நான் ஃபோனை வாங்கி வைத்துவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து, ஏன் உன்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டுக் கட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. அதற்கு மறுநாள் மத்தியானம் அண்ணன் வந்தார். எப்போதும் வாசலில் நின்று "தங்கச்சி" என்று குரல் கொடுத்துவிட்டு வருகிறவர் அன்றைக்கு மணியை அழுத்தினார். சாப்பிட்டீர்களா என்றதற்குச் சாப்பிட்டேன் என்றார். சாப்பிட்ட முகம் இல்லை அது. நான் டீ போடப் போனேன்.

"மெட்ராஸ்லேருந்தும் டெல்லிலேருந்தும் எனக்கு ஃபோன் மேல ஃபோனு" என்று ஆரம்பித்தார். "ஒரு கவுன்சிலரக் கட்டுப்படுத்தத் தெரியாத தலைவரான்னு கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல? ஒனக்குச் சீட்டு வாங்கிக் குடுத்ததே நான்தாம்மா."

"தெரியும்ணே. அதுல எனக்கு சங்கடந்தான்."

"சங்கடப்பட்டா போதாது. வழி ஒண்ணு வச்சிருக்கேன். நீ பதில் எழுதுதப்ப ஒரே ஒரு வரி. தீர்மானத்த ஹிந்தில படிச்சாவ, எனக்குச் சரியா வெளங்கல, எதிர்க்கறவங்க கை தூக்கச் சொன்னதா நெனச்சித் தூக்கிட்டேன். அவ்வளவுதான். மேல நான் பேசிக்கிடுதேன். தமிழ்ப் பொம்பள, பாவம், தெரியாமப் பண்ணிட்டான்னு அவங்களும் விட்டுருவாவ."

சமையலறையில் இருந்த எனக்கு அது நல்ல வழியாகத்தான் பட்டது. ஒரு வரி. யாருக்கும் நஷ்டமில்லை. டேங்கர் தீர்மானம் நிறைவேறிய தீர்மானம்தான், அதை யாரும் திரும்ப எடுக்கப் போவதில்லை. நான் தம்ளர்களோடு வெளியே வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல், வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு.

"எனக்கா அண்ணே ஹிந்தி வெளங்கல?"

"ஏம்மா சிரிக்கே?"

"போன மீட்டிங்ல ஹிந்தில பேசினதுக்கு உங்களுக்கு மத்லப் சொன்னது யாரு? டெல்லிலேருந்து வந்த நேதா பேசினப்போ மேடையில நின்னு தமிழ்ல மாத்திச் சொன்னது யாரு? அவரு என்ன மகளேன்னு கூப்பிட்டு, உன் ஹிந்தி என் ஹிந்தியவிட சுத்தம்னு சொன்னாரே, மறந்துட்டீங்களா?"

"மறக்கல. அது வேற, இது வேற. எழுதத்தானே சொல்லுதேன்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "அண்ணே, நான் இந்த ஊர்ல பொறந்தவ. ஹிந்தி தெரியாதவளாட்டம் நிக்கச் சொல்றீங்க. சரி, எனக்காக நின்னுடலாம். ஆனா நாளைக்கு நம்ம தெருவுலேருந்து இன்னொரு பொண்ணு கவுன்சிலுக்குப் போவா. அவ ஏதாவது பேசினா, இதுங்களுக்கு ஒண்ணும் வெளங்காது, உக்காருன்னு சொல்வாங்க. நான் எழுதிக் குடுத்ததக் காட்டியே சொல்வாங்க."

அண்ணன் டீயைக் குடிக்காமல் தம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு வேறு மாதிரி கேட்டார். "அப்ப தப்புன்னாவது எழுதுதியா? தெரிஞ்சே பண்ணது தப்பு, மன்னிச்சிருங்கன்னு?"

"உங்க பேச்ச மீறினது தப்புண்ணே. அதுக்கு இப்பவே உங்க கால்ல விழறேன். கை தூக்கினது தப்பில்ல."

நிஜமாகவே எழுந்தாள். அவர் பதறி எழுந்து, "ஏ, ஏ, இரும்மா" என்று தடுத்தார். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போகும்போது என் தோளைத் தட்டி, "மாப்ள, நீராவது சொல்லும்" என்றார். அவருக்கு முடிவு தெரிந்துவிட்டது. கடைசியாக யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நான் சொல்லிப் பார்க்கவும் செய்தேன். "எழுதிட்டா என்ன ஆயிடும்?" என்றேன். அவள், "எழுதலேன்னா என்ன ஆயிடும்?" என்றாள். பதில் எழுதினாள். தெரிந்தே வாக்களித்தேன் என்று ஒரு வரி, கட்சியைவிட்டுப் போகும் எண்ணம் இல்லை என்று ஒரு வரி. மேல்மாடிக்காரர் படியிறங்கி வந்தது அதற்கடுத்த வாரம்.

கட்சித் தண்டனை என்றால் ஏசுவார்கள், வீட்டு வாசலில் கறுப்புக்கொடி காட்டுவார்கள் என்றெல்லாம் நான் பயந்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முதல் நாள் கோஷம் போட்டதோடு சரி. பிறகு நடந்ததெல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. வாட்ஸப் குழுக்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். காலையில் எழுந்ததும் முந்நூறு செய்தி வந்து கிடக்கிற ஃபோனில் பால்காரன் செய்தி மட்டும் இருந்தது. அவள் வார்டில் நடந்துகொண்டிருந்த நடைபாதை வேலை பாதியில் நின்றது. கேட்டால், சிமென்ட் வரவில்லை, கப்பல் வரவில்லை என்றார்கள். இந்த ஊரில் எதற்கும் அந்தப் பதில் பொருந்தும்.

பங்குனி உத்திரத்துக்கு முருகன் கோவிலில் அன்னதானம். வருஷா வருஷம் முதல் நாள் மத்தியானமே போய், பூசணிக்காய் நறுக்குவதிலிருந்து பெண்களை வேலை ஏவுவதுவரை அவள்தான். அந்த வருஷமும் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த பெண்கள் அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டார்கள். "நீங்க உக்காருங்கக்கா" என்றார்கள். காய் நறுக்க விடவில்லை. யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரைமணி நேரம் நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டாள். அன்று வீட்டில் வந்து அழுததுதான் நான் பார்த்த ஒரே அழுகை. "வேலை தரமாட்டேங்கறாங்க" என்று அழுதாள், சின்னப் பிள்ளை மாதிரி.

அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். அதில் ஒருத்தியின் மகனுக்குத் தினக்கூலி வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. இன்னொருத்தியின் புருஷன் கான்ட்ராக்டரிடம் மேஸ்திரி. கட்சியிலிருந்து யாரும் அவர்களை மிரட்டியதாக நான் கேள்விப்படவில்லை. மிரட்டத் தேவையும் இல்லை. கோஷத்தில் இருமிக்கொண்டிருந்த அந்தப் பெண் மட்டும் பின்வாசல் வழியாக வந்து, அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துத் தருகிற இவளிடம் தைக்கக் கொடுப்பதுபோல ஒரு துணியை நீட்டி, "அக்கா, கோவமா?" என்று கேட்டாள். "இருமல் போச்சா?" என்றாள் இவள். அளவு எடுத்தாள்.

பெங்காலி அம்மாள் ஒருநாள் பாயேஷ் செய்து எடுத்துக்கொண்டு வந்தார். தங்கள் கட்சியில் சேர்ந்தால் மகளிர் அணித் தலைவி பதவி, அடுத்த முறை இதே வார்டு சீட்டு என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். இவள் பாயசத்தைச் சாப்பிட்டாள், நன்றாக இருக்கிறது என்றாள், பதவி வேண்டாம் என்றாள்.

அவர் போனபிறகு, "உன்னத் தூக்கிப் போட்டவங்களுக்காக இன்னும் ஏன் உக்காந்திருக்க?" என்று கேட்டேன்.

"ஒரு தடவ கை தூக்கினதுக்கு வீட்டையே மாத்தணுமா? இவங்க பண்றது எல்லாமே தப்புன்னா நான் சொன்னேன்? ஒண்ணு பிடிக்கல. அந்த ஒண்ணத்தான் பிடிக்கலன்னேன். அங்க போனா அங்கயும் ஒண்ணு பிடிக்காது."

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வடக்குக் கோடியில் இருக்கும் திக்லிபூருக்கு மாற்றல் வந்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று ஆபீஸில் எல்லாரும் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. அங்கே ஓர் இடம் காலியாகத்தான் இருந்தது, என் முறையும் எப்போதோ வந்திருக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் பஸ் ஏறி, காட்டு வழியில் வண்டிகளை மொத்தமாகச் சேர்த்து அனுப்புகிற கான்வாய்க்காக வரிசையில் நின்று, வண்டியோடு படகில் ஏறிக் கடந்து, இடுப்பு விட்டுப்போய் மாலையில் போய்ச் சேருகிற ஊர். பாக்குத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு குவார்ட்டர்ஸ். என்னுடைய கோபமெல்லாம் அங்கே தனியாகச் சமைக்கும்போது வந்தது. கட்சிமேல் வந்தது, அண்ணன்மேல் வந்தது, உண்மையைச் சொன்னால் அவள்மேலும் வந்தது. அந்த ஒரு வரியை எழுதியிருக்கலாம். சாதம் குழைந்துபோன ஒருநாள் ஃபோனில் அதைச் சொல்லியும் விட்டேன்.

"ஆமாங்க, எழுதியிருந்தா நீங்க இங்க இருந்திருப்பீங்க" என்றாள். பிறகு, "மேட்டுத் தெருவுக்கு இன்னிக்கு ரெண்டு டேங்கர் வந்துச்சு" என்றாள். "தண்ணி கம்மியா வைங்க, அங்க அரிசி புதுசு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

டேங்கர்கள் அந்தக் கோடை முழுக்க வந்தன. எல்லா நாளும் அல்ல, ஆனால் வந்தன. ஹோட்டல் எதுவும் மூடவில்லை. பிறகு மழை பிடித்தது. மழை பிடித்தால் இந்த ஊரில் தண்ணீரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், கூரையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

பதவிக் காலம் முடிந்து தேர்தல் வந்தபோது அவள் சுயேச்சையாக நின்றாள். நான் வேண்டாம் என்றேன். "நிக்கலேன்னா பயந்துட்டான்னு ஆயிடும்" என்றாள். கட்சி அவளுக்கு எதிராக நிறுத்தியது வேறு யாரையும் அல்ல, அந்த இருமல்காரப் பெண்ணை. நான் திக்லிபூரிலிருந்து லீவில் வந்திருந்தேன். பிரச்சாரத்துக்குப் போகக் கூடாது என்பதால் வீட்டில் வருகிறவர்களுக்குச் சமைத்தேன். வருகிறவர்கள் அதிகமில்லை.

தோற்றாள். வித்தியாசமும் கொஞ்சநஞ்சமில்லை. மேட்டுத் தெருவிலேயே அவளுக்குப் பெரும்பான்மை இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனால் முடிவு வந்த மறுநாள், அரிசி களைந்த தண்ணீரைச் சேர்த்துவைத்த அந்தப் பெண்ணே வேலை முடிந்து யூனிஃபார்மோடு வந்தாள். வாசலிலேயே நின்று சொன்னாள்.

"தீதி, நான் உங்களுக்குப் போடல. சொல்லாம இருக்க மனசு வரல. நீங்க நல்லவங்கதான். ஆனா தனியாளு. கட்சி ஆளு இருந்தாத்தானே ஆபீஸ்ல வேலை நடக்கும்? எனக்கு பைப் வேணும்."

என் மனைவி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். "நீ சொல்றது சரிதான். நானே ஓட்டுப் போடறவளா இருந்தா அப்பிடித்தான் யோசிச்சிருப்பேன்" என்றாள். வந்தவள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். அப்படிச் சொல்ல என்னால் முடிந்திருக்காது.

நான் ஓய்வு பெற்று பத்துபஸ்திக்கே வந்த சில மாதங்களில், நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தபோது, அண்ணன் மறுபடி வந்தார். இந்த முறை வாசலில் நின்று குரல் கொடுத்தார். அவர் இப்போது நகரத் தலைவர் இல்லை. மெயின்லேண்டில் படித்துவிட்டு வந்த ஓர் இளைஞரை அந்த இடத்தில் வைத்திருந்தார்கள். வயிறு கொஞ்சம் வற்றி, சட்டை தொளதொளவென்று தொங்க நின்றார்.

"ஒன் சஸ்பென்ஷன எடுத்தாச்சும்மா. வெலக்குன எல்லாரையும் திரும்பச் சேக்காவ. எலக்ஷன்லா. மேலிடம் மன்னிச்சிருச்சி."

"நான் மன்னிப்பே கேக்கலியேண்ணே."

"கேக்காட்டியும் மன்னிச்சிட்டாவ. அவங்களுக்கு ஆளு வேணும்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, "அன்னைக்கு நான் ஒனக்காக இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம். எனக்கும் பயம் வந்திருச்சி" என்றார்.

"விடுங்கண்ணே. இலையப் போடட்டுமா?" என்றாள்.

அவள் திரும்பிப் போகக் கூடாது என்று நான் உறுதியாக இருந்தேன். ஓய்வு பெற்றுவிட்டதால் அரசியல் பேசும் உரிமை எனக்கும் வந்திருந்தது. முழு வேகத்தில் பேசினேன். உன்னைத் துரோகி என்றார்கள், காய்கூட நறுக்க விடவில்லை, என்னைப் பாக்குத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள், இப்போது ஓட்டு வேண்டும் என்றதும் கூப்பிடுகிறார்கள், மானம் இல்லையா என்றேன். அவள் முழுவதையும் கேட்டாள். நடுவில் ஒரு விமானம் போனபோது நான் நிறுத்தி, மறுபடி தொடர்ந்ததையும் கேட்டாள்.

"கட்சி அவங்க அப்பா வீட்டு சொத்தாங்க? நானும் பதினஞ்சு வருஷம் அதுல வெயில்ல நின்னிருக்கேன். அவங்க வெலக்கினாங்க, நான் வெலகலியே. எனக்கு அங்க பேச இன்னும் விஷயம் இருக்கு. வெளியில நின்னு பேசினா யாரு கேக்கறா? எலக்ஷன்ல பாத்தோமே."

"மறுபடியும் ஏதாவது பிடிக்கலேன்னா?"

"பிடிக்கலேன்னு சொல்வேன்."

"மறுபடியும் தூக்கிப் போட்டா?"

"அப்ப நீங்க ரிடையர் ஆயிட்டீங்கல்ல, எங்கயும் அனுப்ப முடியாது" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அன்றைக்கு வரவில்லை.

முதல் கூட்டத்துக்கு நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். கட்சி ஆபீஸுக்கு எதிரில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மைக்கில் புதிய தலைவர் கத்துவது தெருவரை கேட்டது. கூட்டம் முடிந்து வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சேர் பத்தல. பின்னால நின்னுட்டிருந்தேன். அப்புறம் அண்ணன் அவரு பக்கத்துல ஒரு ஸ்டூலு போட்டாரு. உக்காந்துட்டேன்."

"பேச விட்டாங்களா?"

"இன்னிக்கு யாரையும் விடல. அவரே பேசினாரு. கையெழுத்துப் போடறப்போ கவுன்சிலரம்மா வந்து, அக்கா, மேட்டுத் தெரு பைப் விஷயமா உங்ககிட்ட கேக்கணும், நாளைக்கு வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டுச்சு."

கவுன்சிலரம்மா என்று அவள் சொன்னது அவளைத் தோற்கடித்த அந்தப் பெண்ணைத்தான். சொன்ன குரலில் கேலி இல்லை.

"நீ என்ன சொன்ன?"

"காலையில வா, மத்தியானம் வந்தா நான் தூங்கிடுவேன்னு சொன்னேன்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வழியில் மீன் வாங்க வேண்டும் என்றாள். மீன் மார்க்கெட் இருக்கிற ஜங்க்லிகாட் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.